ஒப்புதல் யாருடையது? மாற்றுத்திறனாளி இளையோரும் இனப்பெருக்க நல உரிமையும்

மாற்றுத்திறனாளி இளையோருக்குப் பாலுணர்வே இல்லை, இருந்தாலும் அது அடக்கப்பட வேண்டியது என்னும் மனப்போக்கே அவர்களை மருத்துவச் சேவையிலிருந்து விலக்கும் முதல் தடை. சாய்தளமற்ற மருத்துவமனையும் சைகைமொழி அறியாத மருத்துவரும் அதற்கு அடுத்த தடைகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டு மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே இது 2.45 விழுக்காடு.

உடல்மீதான அதிகாரம்

1994இல் மகாராட்டிர மாநிலம் ஷிரூரில் அரசு இல்லத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுடைய பெண்களுக்குப் புனே அரசு மருத்துவமனையில் கருப்பை அகற்றப்பட்டது. மாதவிடாய்த் தூய்மையை அவர்களால் பேண இயலாது என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துப் போராடின.

2009இல் சுசிதா ஸ்ரீவத்சவா வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு திசையைக் காட்டியது. சண்டிகர் அரசு இல்லத்தில் வன்புணர்வுக்கு ஆளான, இலேசான அறிவுசார் குறைபாடுடைய பெண் குழந்தையைப் பெற்றெடுக்க விரும்பினார். அவர் விருப்பத்துக்கு மாறாகக் கருவைக் கலைக்க இயலாது என்றும், இனப்பெருக்கத் தெரிவு அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமை என்றும் நீதிமன்றம் கூறியது.

2016ஆம் ஆண்டுச் சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல்களைப் பெறும் உரிமையைத் தருகிறது; சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதலின்றி மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சையைத் தடுக்கிறது. 25ஆம் பிரிவு பாலியல், இனப்பெருக்க நலச் சேவையை அரசின் கடமையாக்குகிறது. பெண்ணின் வெளிப்படையான ஒப்புதலின்றிக் கருக்கலைப்புச் செய்வோருக்கு 92ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டுகள் வரை சிறை.

எனினும் இரு ஓட்டைகள் உள்ளன. கடுமையான ஊனமெனில், மருத்துவரின் கருத்தும் பாதுகாவலரின் ஒப்புதலும் இருந்தால் 92ஆம் பிரிவு விலக்களிக்கிறது. கட்டாயக் கருத்தடைக்கோ இச்சட்டத்தில் தனிச் சிறைத்தண்டனை இல்லை. முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதமே.

சாதியும் ஊனமும்

2021இல் பதான் ஜமால் வலி வழக்கில், வன்புணர்வுக்கு ஆளான பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணின் ஒடுக்குமுறையைச் சாதி, பாலினம், ஊனம் எனத் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாகாது என்றது உச்ச நீதிமன்றம். ஆயினும் சாதியின் அடிப்படையிலேயே குற்றம் நிகழ்ந்ததற்குச் சான்றில்லை எனக் கூறி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாதிக்கப்பட்டவரின் சாதியைக் குற்றவாளி அறிந்திருந்தாலே போதும். ஆகவே புகார் எழுதும்போதே சாதி, ஊனம் ஆகிய இரண்டையும், குற்றவாளிக்கு அவை தெரிந்திருந்ததையும் பதிவுசெய்வது இன்றியமையாதது. மருத்துவமனையிலோ, கையொப்பமிடுவது பாதுகாவலரா, அந்தப் பெண்ணா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.