கதிரியக்கமின்றிக் குருதியின் அளவை அறிதல்

உடலில் ஓடும் குருதியின் மொத்த அளவை எவ்வாறு அறிவது? வளர்ந்த ஆணுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் என்பது பொதுக் கணக்கு. நோயாளிக்கு இக்கணக்குப் போதாது.

தொட்டி நீரில் அளந்த சாயத்தைக் கலந்து, நிறம் எவ்வளவு ஐதாகியது எனப் பார்த்தால் நீரின் அளவு புலப்படும். இத்தத்துவத்தின்படியே, கதிரியக்க அயடீன் பிணைத்த அல்புமின் புரதத்தை உடலிற் செலுத்திக் குருதியை அளப்பர். கதிரியக்கம் சிறிதளவே எனினும், கர்ப்பிணித் தாய்மாருக்கு இது தவிர்க்கப்படுகின்றது.

கதிரியக்கமற்ற வழி புதியதன்று. காபனோரொட்சைட்டு வாயுவைச் சிறிதளவு சுவாசிக்கச் செய்து, அது ஈமோகுளோபினுடன் சேரும் விகிதத்தைக் கொண்டு குருதியைக் கணக்கிடும் முறையை ஹோல்டேன், லொரெய்ன் ஸ்மித் ஆகியோர் 1900 இல் வெளியிட்டனர். 2005 இல் ஷ்மிட், பிரொம்மர் ஆகியோர் அதனை இரண்டு நிமிடச் சோதனையாகச் செம்மைப்படுத்தினர். இவ்வாயு நச்சுத்தன்மையுடையது, பயிற்சி பெற்றோர் மாத்திரமே அளந்து வழங்கலாம்.

கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட களுதாவளை போன்ற ஊர்களின் மக்களுக்கும் இவ்விடயம் அந்நியமானதன்று. 2017 இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குச் சந்தேகத்துடன் பதிவாகினர். கடும் டெங்கில் குருதியின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசிகின்றது. எஞ்சிய குருதி தடிப்படைகின்றது. செங்குழியங்களின் வீதத்தைக் காட்டும் 'பி.சி.வி.' சோதனை இதனை மறைமுகமாக உணர்த்தும். 35 ஆக இருந்த அளவு 42 ஆக உயர்ந்தால் அது 20 சதவீத அதிகரிப்பு. கசிவின் முக்கிய அறிகுறி. இதற்குச் சாயமோ கதிரியக்கமோ வேண்டியதில்லை. சில துளிக் குருதி போதும். எனினும், உள்ளே குருதிப்பெருக்கு ஏற்படின் இவ்வளவு குறையவும் கூடும். ஆதலால் நாடித்துடிப்பு, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு ஆகியனவும் சேர்த்தே கவனிக்கப்படுகின்றன.

கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குகின்றது. பிள்ளை தேறிவிட்டதெனப் பெற்றோர் வீடு திரும்ப அவசரப்படுவதும், திரும்பத் திரும்பக் குருதி எடுப்பதை ஆட்சேபிப்பதும் இத்தருணத்திலேதான். ஒரு முறை பெறும் பெறுபேறு போதாது. அடுத்தடுத்த பெறுபேறுகளின் ஒப்பீடே உண்மையைக் கூறும். அவ்வூசிக் குத்துகளைப் பொறுத்துக்கொள்வது பிள்ளையின் உயிரைக் காக்கும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.