கபச் சுரப்பிக் குறைவு: சிம்மண்ட்ஸ் முதல் ஷீஹன் வரை

மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள கபச் சுரப்பியை (பிட்யூட்டரி) தலைமைச் சுரப்பி என்று பாடநூல்கள் கூறும். அது செயல் குன்றினால் தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகளும் தளரும்.

1914இல் ஹாம்பர்க் நகர நோயியல் மருத்துவர் மோரிஸ் சிம்மண்ட்ஸ், பிரசவத்துக்குப் பின் கடும் தொற்று கண்டு, பல ஆண்டுகள் நலிந்து இறந்த பெண்ணொருவரின் உடலில் இச்சுரப்பி சுருங்கியிருந்ததைக் கண்டார். ஓராண்டு முன்பே கிளின்ஸ்கி இத்தகைய பாதிப்பை எழுதியிருந்தும், நோய்க்குச் சிம்மண்ட்சின் பெயரே நிலைத்தது. கூடவே ஒரு பிழையும் பரவியது. நோயாளி எலும்பும் தோலுமாக இளைப்பார் என்று நம்பியதால், உணவை வெறுத்து மெலிந்த இளம்பெண்களுக்கும் இந்நோயே என்றனர்.

திருத்தியவர் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய ஹரோல்ட் ஷீஹன். பிரசவத்தின்போது ஏற்படும் பெரும் இரத்தப்போக்கே காரணம் என்று 1937இல் எழுதினார். கருவுற்ற காலத்தில் சுரப்பி பெருத்திருக்கும்; இரத்த அழுத்தம் வீழ்ந்தால் அதன் முன்பகுதி இரத்தமின்றி மடியும். பிறகு பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது, மழித்த முடி வளராது. மெலிவு கட்டாயமன்று. சோர்வும் குளிர் தாங்காமையும் மெல்லச் சேர்வதால், "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு.

கட்டி, அறுவை, கதிர்வீச்சு, தலைக்காயம் ஆகியவையும் காரணங்களே.

தைராக்சின் குறைந்தும் அதைத் தூண்டும் ஹார்மோன் அதற்கேற்ப உயராவிட்டால், பழுது பெரும்பாலும் மேலே, கபச் சுரப்பியில்தான். காலைநேரக் கார்ட்டிசால் அளவும் எம்.ஆர்.ஐ. படமும் துணைசெய்யும். கார்ட்டிசால் குறைவைக் கவனியாமல் தைராக்சின் மட்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, பிரசவத்தில் இரத்தம் அதிகம் போயிற்றா, குழந்தைக்குப் பால் சுரந்ததா என்ற கேள்விகளை மருத்துவர் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.