சிறிய மனையில் எத்தகைய இல்லம்? வரலாறு காட்டும் வழி

பூர்வீக வீடும் தோட்டமும் பிள்ளைகளுக்குள் பாகம் பிரிந்து, கைக்கு வந்து சேர்வது இரண்டு அல்லது மூன்று சென்ட் இடம்தான் என்னும் நிலையை நம்மில் பல குடும்பங்கள் அடைந்துவிட்டன. இருபுறமும் உடன்பிறந்தாரின் சுவர்கள். முன்னே ஒரு சந்து. இத்தகைய மனையில் தரைத்தளத்தோடு நிறுத்துவதா, மாடி எழுப்புவதா, நடுவில் முற்றம் விடுவதா என்று முடிவெடுக்க அமரும்போது நாம் பெரும்பாலும் இரண்டையே பார்க்கிறோம்: ஒன்று நம் தேவை, மற்றொன்று நம் கையிருப்பு. நம் முன்னோர் மூன்றாவதாக ஒன்றையும் பார்த்தனர். இந்த வீட்டால் அண்டை வீட்டார் எதை இழப்பார்கள் என்பதே அது. முஸ்லிம் நகரங்களின் வீடுகள் பெற்ற வடிவத்தில் இந்தக் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு.

முதலில் மதீனாவை நோக்குவோம். கி.பி. 622இல் ஹிஜ்ரத் செய்து வந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலை ஒட்டியே தம் துணைவியருக்கு அறைகளை அமைத்தார்கள். மண்கல்லும் பேரீச்ச மட்டையும் கொண்டு எழுந்த எளிய அறைகள் அவை. சிறுவனாக அவற்றினுள் சென்றபோது கூரையைத் தம் கையால் தொட முடிந்ததாக ஹஸன் பஸரீ (ரஹ்) நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் உமய்யா கலீஃபா வலீதின் ஆட்சியில் பள்ளிவாசலை விரிவாக்க அவ்வறைகள் இடிக்கப்பட்டபோது மதீனத்து மக்கள் அழுதனர். அவை அப்படியே நின்றிருந்தால், எவ்வளவு சிறிய இடம் ஒரு நல்வாழ்வுக்குப் போதுமானது என்பதைப் பின்வருவோர் கண்ணால் கண்டிருப்பார்கள் என்று அக்கால அறிஞர்கள் வருந்தினர்.

அடுத்தது கூஃபா. ஹிஜ்ரி 17இல் உருவான இந்நகரின் முதல் வீடுகள் நாணலால் ஆனவை. தீ விபத்தில் அவை எரிந்தபின், மண்கல்லால் கட்டிக்கொள்ள மக்கள் அனுமதி வேண்டினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இசைந்தார்கள். ஆயினும் எவரும் மூன்று அறைகளுக்கு மேல் கட்ட வேண்டாம், உயரத்தில் ஒருவரோடொருவர் போட்டியிட வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். பெருந்தெருக்களுக்கு 40 முழமும் சிறு சந்துகளுக்கு 7 முழமும் அகலம் வகுக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். வழியின் அகலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தால் ஏழு முழம் விடுமாறு கூறும் நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது.

மாடி குறித்த கேள்வி எகிப்தின் ஃபுஸ்தாத் நகரில் எழுந்தது. அங்கே காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் ஒரு மேல்மாடி அறை கட்டியபோது, அது அண்டை வீட்டாரின் மறைவைப் பாதிக்குமோ என்ற முறையீடு உமர் (ரலி) அவர்களை எட்டியது. அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, அதன்மேல் ஒரு மனிதரை நிற்கவைத்துப் பார்க்குமாறும், அங்கிருந்து அடுத்த வீட்டினுள் பார்வை விழுந்தால் தடுக்குமாறும் அவர்கள் எழுதியதாக ஓர் அறிவிப்பு உண்டு. அறையை இடிக்கவே ஆணையிட்டார்கள் என்கிறது மற்றோர் அறிவிப்பு. இரண்டிலும் உமர் (ரலி) அவர்களின் கவலை ஒன்றே: அயலாரின் மறைவு. அதே ஃபுஸ்தாத்தில் 11ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ ஏழு மாடி வீடுகளைக் கண்டதாக எழுதுகிறார். ஆகவே காலப்போக்கில் முஸ்லிம் நகரங்கள் மாடியை விலக்கவில்லை. அயலாரின் வீட்டினுள் பார்வை விழுவதைத் தடுக்கவே அவை முயன்றன.

இந்த அக்கறை பின்னர் சட்டமாக வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் இப்னு ராமீ, சுவர், சாளரம், புகை, கழிவுநீர் ஆகியவற்றால் எழும் அண்டை வீட்டுத் தகராறுகளை ஒரு நூலாகவே தொகுத்தார். சொந்த இடத்தில் ஒருவருக்கு எவ்வளவு உரிமை என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. எனினும் 1869 முதல் 1876 வரை ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானியர் தொகுத்த மஜல்லா என்னும் சட்டநூல் தெளிவான எல்லைகளை வகுத்தது. அடுத்த வீட்டுப் பெண்கள் புழங்கும் சமையலிடம், கிணற்றடி, முற்றம் ஆகியவை தெரியும்படி சாளரம் வைப்பது பெருந்தீங்கு. ஆள் உயரத்திற்கு மேலிருக்கும் சாளரத்தை மூடச் சொல்ல அயலாருக்கு உரிமையில்லை. அயலாரின் காட்சியை மறைப்பது பெருந்தீங்கு ஆகாது. ஒரே சாளரமுள்ள அறையின் வெளிச்சத்தை அடியோடு அடைப்பது பெருந்தீங்கு.

இந்த எல்லைகளுக்குள் இருவகை வீடுகள் செழித்தன. துனிஸ், ஃபாஸ் போன்ற நகரங்களில் மூன்று நான்கு பக்கமும் அடுத்த வீடுகளோடு ஒட்டிய மனைகளில் நடுமுற்ற வீடு எழுந்தது. காற்றும் ஒளியும் முற்றத்தின் வழியே வந்தன. வாயிலில் நிற்பவர் கண்ணுக்கு உள்வீடு தெரியாதபடி நுழைவழி வளைந்து சென்றது. யமனின் ஹள்ரமவ்த்தில் உள்ள ஷிபாம் மற்றொரு வழியைக் கண்டது. ஒருபுறம் வெள்ளம் பாயும் பள்ளத்தாக்கு, மறுபுறம் விளைநிலம், சுற்றிலும் மதில் என்று இடம் குறுகியதால் மண்கல்லால் ஐந்து முதல் எட்டு மாடிவரை கட்டினர். கீழ்த்தளத்தில் தானியமும் கால்நடையும்; மேலே விருந்தினர் கூடம்; அதற்கும் மேலே குடும்பத்தார். 16ஆம் நூற்றாண்டு முதல் நிற்கும் அவ்வீடுகளை 1982இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நம் தமிழகக் கடற்கரையும் இதற்கு விலக்கன்று. மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் சென்றுவர ‘முடுக்கு’ எனப்படும் குறுகிய சந்துகள் உண்டு. முடுக்கு நிலைத்திருக்க வேண்டுமாயின் அதன் இருபுறத்தாரும் தம் சுவரை முன்னே தள்ளாதிருக்க வேண்டும். இடம் அருமையாக உள்ள ஊரில் இது சிறிய தியாகம் அன்று.

இன்று மனை வரைபடத்தை விரித்து அமரும் குடும்பங்களுக்கு இவ்வரலாறு சில கேள்விகளைத் தருகிறது. நான்கு பக்கமும் சுவர் நெருங்கிய மனையா? அப்படியெனில் பக்கச் சுவரில் சாளரம் தேடுவதைவிட, நடுவில் ஆறடிக்கு எட்டடி முற்றமேனும் விடுவது நலம். அந்த இழப்பை எல்லா அறைகளின் வெளிச்சமும் ஈடுசெய்யும். மாடி தேவையா? கட்டலாம், ஆனால் அண்ணன் வீட்டு முற்றத்தை நோக்கும் பக்கத்தில் சாளரத்தின் அடிமட்டத்தை ஆள் உயரத்திற்கு மேல் வைக்க வேண்டும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரையும் உயர்த்த வேண்டும். கூரைநீரும் கழிவுநீரும் நம் எல்லைக்குள்ளேயே இறங்குமா? சன்ஷேடு சந்தின் மேல் நீளாமல் இருக்குமா? நகராட்சி விதிக்கும் பக்க இடைவெளி முறையாக விடப்பட்டுள்ளதா? இவற்றுக்கு விடை எழுதியபின் எத்தனை அறைகள் என்று எண்ணலாம்.

அண்டை வீட்டார் தம் சுவரில் உத்தரம் பதிக்க வந்தால் தடுக்க வேண்டாம் என்பது அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நபிமொழி. ஆனால் நம் ஊர்களில் ஒரு சாளரத்திற்காகவும் ஒரு மழைநீர்க் குழாய்க்காகவும் உடன்பிறந்தோர் பேச்சை முறித்துக்கொண்டு, ஜனாஸாவில் மட்டும் சந்திக்கும் அவலத்தைக் காண்கிறோம். அடித்தளம் தோண்டும் முன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு இருபுறத்து வீடுகளுக்கும் சென்று காட்டுவதால் நமக்கு ஒரு மாலைப்பொழுதுதான் செலவாகும். எழுந்த சுவரை இடிப்பதற்கும் பிரிந்த உறவை ஒட்டுவதற்கும் ஆயுளே போதாமற் போகலாம்.

நம் இல்லங்கள் சிறியனவாயினும் அவற்றில் பரக்கத்தையும், அண்டை வீட்டாரோடு நல்லிணக்கத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.