ஜப்பானியப் பச்சைகுத்தல்: தண்டனையும் அலங்காரமும்

ஜப்பானியரின் பச்சைகுத்தும் வழக்கத்தை முதலில் எழுதி வைத்தவர்கள் சீனர்கள். 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வெய் வரலாற்று நூல், வா என்று அழைக்கப்பட்ட அன்றைய ஜப்பான் நாட்டு ஆண்கள் முகத்திலும் உடலிலும் பச்சை குத்திக்கொண்டதைச் சொல்கிறது. கடலில் மூழ்கி மீனும் சிப்பியும் எடுத்தவர்கள் பெரிய மீன்களை அண்டவிடாமல் இருக்கவே இதைத் தொடங்கினார்கள் என்றும், பின்னாளில் அது அலங்காரமானது என்றும் அந்நூல் விளக்குகிறது. 720இல் முடிக்கப்பட்ட ஜப்பானிய வரலாற்று நூலான நிஹோன் ஷோகியிலோ அது தண்டனையாக இடம்பெறுகிறது.

எடோ காலத்தில், 1720இல், ஷோகுன் தொகுகாவா யோஷிமுனே மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்கு மாற்றாகப் பச்சைக்குறியைக் கொண்டுவந்தார். திருடனின் கையைச் சுற்றிக் கோடுகள் விழுந்தன. சில வட்டாரங்களில் நெற்றியிலேயே குறி குத்தினார்கள். தண்டனை முடிந்தாலும் குறி மறையாது.

அரசு இழிவுக்குரியதாக்கிய அதே குறியைத்தான் எடோ நகரத்து உழைப்பாளிகள் பெருமையாக்கிக்கொண்டார்கள். சுய்கோதென் என்று ஜப்பானில் வழங்கிய சீன நாவலின் 108 வீரர்களில் பலரை, உதாகவா குனியோஷி 1827 முதல் மர அச்சு ஓவியங்களாக வெளியிட்டார். நாவலில் சிலருக்கு மட்டுமே பச்சை உண்டு. குனியோஷி மேலும் பலரின் உடலை டிராகனாலும் மலர்களாலும் நிறைத்தார். தீயணைப்போர், சாரம் கட்டுவோர், பல்லக்குத் தூக்கிகள் அந்த ஓவியங்களைத் தங்கள் முதுகில் ஏற்றார்கள். டிராகன் நீரின் தெய்வம் என்பதால் தீயோடு போராடுபவனுக்கு அது காப்பு. அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை மீன் விடாமுயற்சியைக் குறித்தது. ஹோரிஷி எனப்படும் கலைஞர், கைப்பிடி நுனியில் கட்டிய ஊசிக் கொத்தால் கையாலேயே குத்துவார். முதுகு முழுவதும் நிறைவதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள் ஆகும். மார்பின் நடுவில் ஒரு பட்டை வெறுமையாக விடப்படும். சட்டை திறந்திருந்தாலும் பச்சை வெளியே தெரியாது.

தண்டனைக்குறியை 1870இல் கைவிட்ட மெய்ஜி அரசு, மேலை நாட்டார் தங்களை நாகரிகமற்றவர்களாக நினைப்பார்களோ என்று அஞ்சி 1872இல் அலங்காரப் பச்சையையும் தடைசெய்தது. ஆனால் அந்த மேலை நாட்டார்தான் இதைத் தேடி வந்தார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான பிரிட்டிஷ் இளவரசர் 1881இல் கையில் டிராகன் குத்திக்கொண்டார்; ரஷ்ய இளவரசர் நிக்கோலாஸ் 1891இல் நாகசாகியில் அதையே செய்தார்.

தடைகளின் கொடுமையை அதிகம் சுமந்தவர்கள் பெண்கள். வடக்கே வாழும் ஐனு பழங்குடிப் பெண்கள் சிறுவயது முதல் உதட்டைச் சுற்றிக் குத்திக்கொண்டது குற்றத்தின் அடையாளமல்ல, மணத்துக்கு முன் நிறைவுபெற வேண்டிய சடங்கு. அதை 1871இல் அரசு தடுத்தது. ஒகினாவா பெண்களின் கைகளை அணிசெய்த ஹஜிச்சி 1899இல் தடைக்குள்ளானது. இரண்டு மரபுகளும் ஏறக்குறைய அறுந்துபோயின.

பொதுவான தடை அமெரிக்க ஆக்கிரமிப்பின்போது, 1948இல், நீங்கியது. அதற்குள் பச்சை என்றால் யாகுசா எனப்படும் குற்றக் கும்பல் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டிருந்தது. திரைப்படங்களும் அதை வளர்த்தன. மருத்துவ உரிமம் இல்லாமல் பச்சை குத்தியதாக வழக்குக்குள்ளான ஒசாகா கலைஞர் ஒருவரின் விடுதலையை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பச்சைகுத்தல் மருத்துவச் செயல் அல்ல என்று தீர்ப்பளித்தது. ஆயினும் வெந்நீர் ஊற்றுக் குளியலகங்கள் பல, பச்சை குத்தியவர்களை இன்றும் அனுமதிப்பதில்லை.