ஊர்த் திடலுக்கு வந்த பணம்: அடித்தள விளையாட்டு வசதிகளுக்கான அரசு நிதி, 1953 முதல் 2024 வரை

2006க்கும் 2024க்கும் இடையில் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு விளையாட்டின் பேரால் அரசுப் பணம் நான்கு பெரிய திட்டங்களின் வழியே வந்தது. முதலில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், அடுத்து மத்திய அரசின் ‘பைக்கா’, பிறகு அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம், கடைசியாகக் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம். ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின. ஆனாலும் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் கூடி ஆட, பராமரிப்பில் இருக்கும் ஒரு திடல் எத்தனையோ ஊர்களில் இன்னும் இல்லை.

இவ்வளவு முறை பணம் வந்தும் திடல் ஏன் நிலைக்கவில்லை என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பொதுவாக ‘நிதி போதவில்லை’ என்பார்கள், ‘ஊழல்’ என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் திட்டங்களின் கட்டமைப்பை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கம்பம், வலை, சுற்றுச்சுவர், கட்டடம் ஆகியவற்றுக்கு அரசு பணம் ஒதுக்கியது. திடலைத் திறந்து, பெருக்கி, பிள்ளைகளைக் கூட்டி ஆடவைக்கும் ஆளுக்கு ஒதுக்கவில்லை, அல்லது பெயரளவில் ஒதுக்கியது. சுதந்திர இந்தியாவின் முதல் விளையாட்டுத் திட்டமோ இதற்கு நேர்மாறாக, ஆளில் இருந்துதான் தொடங்கியது.

அரசியல் சட்டத்தில் விளையாட்டு

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 33ஆம் இனத்தில் நாடகம், திரைப்படம், கேளிக்கை ஆகியவற்றோடு அதுவும் ஒன்றாக எழுதப்பட்டுள்ளது. இதற்கு இரண்டு விளைவுகள். மத்திய அரசு அடித்தள விளையாட்டில் தலையிட விரும்பினால், மாநிலங்களுக்கு மானியம் தரும் திட்டங்களின் வழியாகத்தான் பெரும்பாலும் வர முடியும். அப்படி வரும் திட்டத்துக்கு ஆயுள் குறைவு. ஐந்தாண்டுத் திட்டமோ ஆட்சியோ முடிந்தால் அதுவும் முடியும்.

உள்ளாட்சிக்கு வந்தால் நிலைமை இன்னும் நுட்பமானது. 1992இல் நிறைவேறிய 73, 74ஆம் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளைப் பட்டியலிட்டன. நகரங்களுக்கான பன்னிரண்டாவது அட்டவணையின் 18 இனங்களில், பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் போன்ற வசதிகள் 12ஆவதாக இடம்பெற்றன. கிராமங்களுக்கான பதினோராவது அட்டவணையில் 29 இனங்கள் உண்டு. நூலகம் உண்டு, பண்பாட்டு நிகழ்ச்சி உண்டு, சந்தையும் திருவிழாவும் உண்டு. விளையாட்டு மைதானம் என்ற சொல்லே கிடையாது. வயலும் மந்தையும் கண்மாய்க் கரையும் இருக்கக் கிராமத்துப் பிள்ளைக்குத் தனி மைதானம் எதற்கு என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். மந்தைவெளிகள் ஆக்கிரமிப்பிலும் மனைப்பிரிவிலும் சுருங்கிய பிறகு அந்த எண்ணம் செல்லாது.

பயிற்றுநரில் தொடங்கிய கதை

1953இல் ராஜகுமாரி அம்ரித் கௌரின் பெயரால் ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியது. இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரான அவர் டென்னிஸ் ஆடியவர். பயிற்றுநர்களை அமர்த்துவதே அந்தத் திட்டத்தின் மையம். மறு ஆண்டு அகில இந்திய விளையாட்டுக் கழகம் உருவானது. 1961இல் பாட்டியாலாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் வேலையும் பயிற்றுநர்களை உருவாக்குவதுதான். அந்தத் தலைமுறைக்குப் பணம் குறைவாக இருந்தது. அந்தக் குறைந்த பணத்தை மனிதர்கள்மேல் செலவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சிந்தனைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. ஹாரி க்ரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, அரசுத் திட்டம் எதுவும் வருவதற்கு முன்பே உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அனுப்பத் தொடங்கியிருந்தது. பல ஊர்களில் ‘பி.டி. மாஸ்டர்’தான் விளையாட்டுத் துறையின் ஒரே அரசு ஊழியர். இன்றும் அப்படித்தான்.

1970-71இல் ஊரக விளையாட்டுத் திட்டம் வந்தது. அது போட்டி நடத்தப் பணம் தந்தது, திடலுக்கு அல்ல. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

திருப்பம் 1982. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகப் பெரிய அரங்கங்கள் எழுந்தன, மத்திய அரசில் விளையாட்டுக்கென்று தனித் துறை பிறந்தது. போட்டி முடிந்ததும் அரங்கங்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழ, 1984இல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த அரங்கங்களின் பராமரிப்பு அதற்குக் கிடைத்த முதல் பொறுப்புகளில் ஒன்று. கட்டியதைக் காப்பாற்றத் தனி அமைப்பும் தொடர் நிதியும் வேண்டும் என்பதை அரசு அன்றே அறிந்திருந்தது. தலைநகர அரங்கத்துக்குப் பொருந்திய அந்த அறிவு கிராமத் திடலுக்கு ஒருபோதும் பொருத்தப்படவில்லை. தமிழ்நாட்டிலும் இதே வரிசைதான்: 1992இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உருவானது, 1995இல் சென்னையில் தெற்காசியப் போட்டிகள் நடந்தன, அதற்காக வேளச்சேரி நீச்சல் வளாகம் போன்றவை எழுந்தன.

பைக்கா: ஒரு லட்சம் ரூபாயும் ஐந்நூறு ரூபாயும்

2008-09இல் தொடங்கிய ‘பஞ்சாயத்து யுவ கிரீடா அவுர் கேல் அபியான்’ (பைக்கா) இந்த வரலாற்றின் மிகத் துணிச்சலான முயற்சி. நாட்டின் சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளிலும் பத்தாண்டுகளில் அடிப்படை விளையாட்டு வசதி செய்து முடிப்பது இலக்கு. எந்த ஊரும் விடுபடக் கூடாது என்ற அந்த நோக்கத்தை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அதன் பணக் கணக்கைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் மத்திய அரசு 75 பங்கு, மாநிலம் 25 பங்கு. ஓர் ஊராட்சிக்கு ஒரு முறை தரும் மூலதன மானியம் ஒரு லட்சம் ரூபாய். அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்குப் பொருள் வாங்க ஆண்டுக்கு 10,000 ரூபாயும் நடைமுறைச் செலவுக்கு 12,000 ரூபாயும். திடலைப் பார்த்துக்கொள்ள ‘கிரீடாஸ்ரீ’ என்ற பெயரில் ஊரிலேயே ஒரு தன்னார்வலர், அவருக்கு மதிப்பூதியம் மாதம் 500 ரூபாய்.

திட்டம் தொடங்கிய காலத்தில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாள்கூலி 80 ரூபாய். கிரீடாஸ்ரீயின் மாத வருமானம் ஏறக்குறைய ஆறு நாள் கூலி. அதற்கு அவர் மாதம் முழுவதும் மாலைதோறும் திடலுக்கு வர வேண்டும், பொருள்களைக் காக்க வேண்டும், அணிகளைச் சேர்க்க வேண்டும், போட்டிக்கு அழைத்துப் போக வேண்டும். இருபத்தைந்து வயது இளைஞன் இதை எத்தனை மாதம் செய்வான்? திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போனால் அவனுக்குப் பதில் ஆள் கிடையாது.

ஒரு திடல் என்ன கேட்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். கைப்பந்துக் களம் 18 மீட்டருக்கு 9 மீட்டர். சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் ஏறக்குறைய ஒன்பது சென்ட் இடம். ஆண்கள் கபடிக் களம் 13க்கு 10, ஓரம் விட்டாலும் ஐந்தாறு சென்டுக்குள் அடங்கும். ஆக, பதினைந்து சென்ட் புறம்போக்கு இருந்தால் ஓர் ஊருக்கு இரண்டு களம் கிடைத்துவிடும். இதைச் சமன்படுத்தி, கம்பம் நட்டு, வலை கட்ட ஒரு லட்சம் அன்று ஓரளவு போதும். சிக்கல் முதல் மழைக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மண் அரித்துப் பள்ளம் விழும். ஓரத்தில் சீமைக் கருவேலம் முளைக்கும். நைலான் வலை வெயிலில் இற்றுப்போகும். சுண்ணாம்புக் கோடு வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டும். யாரும் போடாவிட்டால் இரண்டு மாதத்தில் அந்த இடம் வைக்கோல் காயவும் டிராக்டர் நிற்கவும் ஆகிவிடும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டாம். தினமும் வரும் ஓர் ஆள்தான் வேண்டும்.

பத்தாண்டுத் திட்டம் ஆறாவது ஆண்டிலேயே நின்றது. 2014 பிப்ரவரியில் அதன் இடத்துக்கு ‘ராஜீவ் காந்தி கேல் அபியான்’ வந்தது. அலகு ஊராட்சியிலிருந்து ஒன்றியத்துக்கு உயர்ந்தது. 6,545 ஒன்றியங்களிலும் தலா 1.60 கோடி ரூபாயில் உள்ளரங்கும் வெளியரங்கும் கொண்ட வளாகம் என்பது அறிவிப்பு. பெருக்கினால் பத்தாயிரம் கோடியைத் தாண்டுகிறது. அடுத்து வந்த ‘கேலோ இந்தியா’வுக்கு 2017இல் அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, மூன்று ஆண்டுகளுக்கு, அத்தனை உட்கூறுகளுக்கும் சேர்த்து ஒதுக்கிய தொகை 1,756 கோடி. ஒன்றிய வளாகக் கனவு இந்த எண்ணுக்குள் அடங்கவே அடங்காது. ஆகவே அது சத்தமின்றி மறைந்தது. 2021-22 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 3,165.50 கோடி ஒதுக்கப்பட்டபோது, திறமையைத் தேடிக் கண்டுபிடிப்பதும் உயர் பயிற்சியும் பதக்கமும் முன்னுக்கு வந்துவிட்டிருந்தன.

2.5 லட்சம் ஊர்கள், 6,545 ஒன்றியங்கள், பிறகு தேர்ந்தெடுத்த சில மையங்கள் என்று பத்தே ஆண்டுகளில் அரசின் பார்வை சுருங்கியது. அதை வெறும் சீர்திருத்தம் என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் விளையாட உரிமை உண்டு என்ற கொள்கை கைவிடப்பட்ட கதை அது.

நேர்மையாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். 2020இல் அறிவித்த மாவட்ட அளவிலான ‘கேலோ இந்தியா மையங்கள்’ முன்னாள் வீரர்களைப் பயிற்றுநர்களாக அமர்த்தின. மையத்துக்கு ஒரு முறை 5 லட்சம், பிறகு ஆண்டுதோறும் 5 லட்சம், நான்கு ஆண்டுகளில் 1,000 மையங்கள் என்பது திட்டம். அந்தத் தொடர் நிதி பயிற்றுநர் ஊதியத்தையும் உள்ளடக்கியது. 1953இன் சிந்தனை ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. ஆனால் மாவட்ட அளவோடு நின்றுவிட்டது.

மாநிலம் நடந்த பாதை

அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் 2006இல் தொடங்கியது. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 ஊராட்சிகள் வீதம், ஐந்து ஆண்டுகளில் 12,618 ஊராட்சிகளுக்கும் தலா 20 லட்சம் ரூபாய். நூலகம், குளம் சீரமைப்பு, இடுகாட்டு வசதி ஆகியவற்றோடு விளையாட்டு மையமும் அதில் ஓர் அங்கம். எல்லா ஊராட்சிக்கும் சமமாக, முறை வைத்துப் போன திட்டம் என்பது அதன் பெருமை. கட்டி முடித்த மையத்தை நடத்தத் தனி ஆள் இல்லை என்பது அதன் குறை.

2020இன் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் 12,524 ஊராட்சிகளுக்கும் 528 பேரூராட்சிகளுக்கும் 76.23 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்டது. சராசரியாக ஓர் ஊருக்கு 58,000 ரூபாய் சொச்சம். 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்துக்கு ஏறக்குறைய 86 கோடி. கிரிக்கெட் மட்டை முதல் கைப்பந்து வரை 33 வகைப் பொருள்கள் ஊராட்சிகளுக்குச் சென்றன. பந்து கையில் கிடைத்த பிள்ளையின் மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி ஊராட்சி அலுவலகப் பூட்டுக்குள் இருந்தால், சாவி யாரிடம் என்பதுதான் விளையாட்டுக் கொள்கையின் உண்மையான கேள்வி.

இதே காலத்தில், சட்டமன்றத் தொகுதிதோறும் 3 கோடி ரூபாயில் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டமும் தொடங்கியது. 234 தொகுதிக்கும் முடித்தால் 702 கோடி ஆகும். மாவட்ட அரங்கத்துக்கும் ஊர்த் திடலுக்கும் நடுவே இப்படி ஓர் அடுக்கு தேவைதான். ஆனால் தொகுதியின் கடைக்கோடி ஊரிலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளி விட்டுப் பேருந்து பிடித்து அங்கே போய், ஆடிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியாது. அவளுக்கு நடந்துபோகும் தொலைவில் திடல் வேண்டும். அங்கே நம்பிக்கைக்குரிய ஒரு பொறுப்பாளரும் இருந்தால்தான் வீட்டில் அனுப்புவார்கள்.

நகரத்தில் நிலமே நிதி

நகரத்தின் கதை வேறு. அங்கே நிலம்தான் அரசு தரக்கூடிய மிகப் பெரிய மானியம். 1859-60இல் ஆளுநர் டிரெவெல்யன் சென்னையில் உருவாக்கிய பீப்பிள்ஸ் பார்க், விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் இடம் கொடுத்துக் கரைந்துபோனது. 1959இல் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சட்டம் நிலத்தைக் காக்கும். அங்கே யார் இலவசமாக ஆடலாம் என்பதை உள்ளாட்சி மன்றங்கள் முடிவு செய்கின்றன.

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கத் தீர்மானம் போட்டது. ஒருவர் ஒரு மணி நேரம் ஆட 120 ரூபாய் கட்டணம். கால்பந்து உயிராக இருக்கும் வடசென்னையில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் தீர்மானம் உடனே திரும்பப் பெறப்பட்டது. மக்கள் குரல் வென்றது நல்லது. ஆனால் பராமரிப்புச் செலவைக் காட்டித்தான் அந்தத் தீர்மானம் வந்தது, அந்தச் செலவு அப்படியே இருக்கிறது. மாநகராட்சி வரவு செலவில் அதற்கு நிரந்தர இடம் இல்லாதவரை இதே யோசனை மறுபடி வரும்.

110ஆம் பிரிவும் 111ஆம் பிரிவும்

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 110ஆம் பிரிவு ஊராட்சியின் கடமைகளைச் சொல்கிறது: சாலை, தெருவிளக்கு, வடிகால், குடிநீர், இடுகாடு. விளையாட்டு மைதானமும் உடற்பயிற்சி மையமும் அடுத்த பிரிவில், அதாவது ஊராட்சி விரும்பினால் செய்யலாம் என்ற 111இல் இருக்கின்றன. விருப்பப் பணிக்கு நிரந்தரப் பணியிடம் கேட்க முடியாது, மாநில நிதி ஆணையத்திடம் உரிமையோடு பங்கு கேட்கவும் முடியாது. எனவேதான் ஒவ்வொரு ஆட்சியும் புதுப் பெயரில் ஒரு திட்டம் தர வேண்டியிருக்கிறது.

சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. விளையாட்டு மைதானத்தை 111இலிருந்து 110க்கு மாற்ற வேண்டும். ஊராட்சிக்கு ஒரு திடல் பொறுப்பாளரை மாதச் சம்பளத்தில் அமர்த்த வேண்டும். அந்தப் பணியிடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும்.