நிலைவாசல் கற்றாழை

காட்டுப்பள்ளி ஒரு மணல் திட்டு. கிழக்கே வங்கக்கடல், மேற்கே கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி. உப்புக்காற்றில் இரும்பு இற்றுப்போகும், ஓலை மக்கிப்போகும். புறம்போக்கில் எழுந்த குப்பங்களில் பட்டாவையும் பத்திரத்தையும் தேடிப் பயனில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குடும்பத்தின் பழமைக்குச் சான்றாக எஞ்சக்கூடியது எது என்று கேட்டால், திருஷ்டி கழிய நிலைவாசலில் தலைகீழாகத் தொங்கும் சோற்றுக்கற்றாழையைத்தான் சொல்வேன். கட்டிய சில வாரங்களில் அதன் மடல் நுனிகள் வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளையும். வெளிமடல்கள் சுருங்கிப் பழுப்பேறும், நடுக்குருத்து மட்டும் பச்சையாகவே நிற்கும். பகலில் இலைத்துளைகளை மூடி இரவில் திறப்பதால் உள்ளிருக்கும் நீர் எளிதில் போவதில்லை. மடலுக்குள் இருக்கும் சோறுதான் அதற்கு மண்ணும் மழையும். சித்த மருத்துவம் இதற்குக் குமரி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

தொங்கும் செடி எத்தனை நாள் தாங்கும், என்றாவது காயத்தானே வேண்டும் என்று கேட்கலாம். காயும். ஆனால் கற்றாழை பெருகுவது பெரும்பாலும் விதையால் அல்ல, வேரடியில் கிளைக்கும் பக்கக்கன்றால். விதையில் தாயும் தந்தையும் கலக்கிறார்கள்; பக்கக்கன்றில் தாய் மட்டுமே இருக்கிறாள். வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண் தாய்வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு கன்றைப் பிடுங்கிப் போனால், அவள் கொண்டுபோவது அந்தச் செடியின் பிள்ளையை அல்ல, அதே செடியை. மாமரத்துக்கும் தென்னைக்கும் வயது உண்டு, முடிவு உண்டு. கைமாறிக்கொண்டே இருக்கும் கற்றாழைக்கு வயது சொல்வது கடினம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. நர்சரியில் வாங்கிய கற்றாழையும் பாட்டி வீட்டுக் கற்றாழையும் பார்வைக்கு ஒன்றுதான். பிறகு எது சான்று? நியாயமான கேள்வி. லண்டன் கியூ தோட்டத்தில் சைக்கட் வகையைச் சேர்ந்த ஒரு தொட்டிச்செடி இருக்கிறது. செடி சேகரிப்பாளர் பிரான்சிஸ் மேசன் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவர, 1775இல் லண்டன் வந்து சேர்ந்தது. 1819இல் அது கூம்பு விட்டபோது முதுமையில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் பார்க்க வந்தார். அந்தச் செடியிடம் கேட்டால் இதில் ஒன்றும் தெரியாது. கொண்டுவந்தவர் பெயரையும் வந்த ஆண்டையும் விடாமல் எழுதிவைத்தார்கள், அதனால் தெரிகிறது. செடியோடு அதன் வரலாறும் சேர்ந்து வந்தால்தான் அது ஆவணம். நம் வீடுகளில் அந்த வரலாறு பெண்களின் வாய்ச்சொல்லில் இருக்கிறது. 'இது ஆயா வீட்டுக் கத்தாழ' என்ற ஒரு வரி, கியூவில் செடியின் அடியில் செருகிய பெயர்ப்பலகைக்குச் சமம். திருஷ்டிக்காகக் கட்டியதை வரலாறு என்பதா என்று சிலர் தயங்கலாம். கட்டிய காரணம் ஒன்றாக இருக்கட்டும். அது காத்துவைத்திருப்பது வேறொன்றாக இருக்கலாம் அல்லவா?

கப்பல் கட்டும் தளத்துக்கும் துறைமுகத்துக்கும் வழிவிட்டு காட்டுப்பள்ளிக் குப்பம் இடம்பெயர்ந்தது. அப்போது நாட்டில் நடப்பிலிருந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிற்கும் பயிரையும் மரத்தையும் இழப்பாகக் கணக்கிட்டது. அதன் இடத்தில் வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் நிலத்தோடு ஒட்டிய மரஞ்செடிகளுக்கே மதிப்புப் போடச் சொல்கிறது. கயிற்றில் தொங்குவது நிலத்தோடு ஒட்டியதல்ல. இழப்பீடு கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. கற்றாழை குடும்பத்தோடு போய்விடும், அதற்கு விலை வேண்டாம். ஊர் கலைந்தாலும் செடி பிழைக்கும். பக்கத்துவீடும் பங்காளிவீடும் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறிய பிறகு, யாரிடமிருந்து வந்தது என்ற பேச்சு பிழைப்பதில்லை.

துறைமுகத்தைச் சுமார் 2,472 ஹெக்டேருக்கு விரிவாக்கும் திட்டம் வந்தது. அதற்காக 2021 ஜனவரி 22 அன்று நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் நிறுத்தப்பட்டது. இந்தக் கரையில் இனி எப்போது கணக்கெடுப்பு நடந்தாலும் படகு, வலை, வீடு ஆகியவற்றின் எண்ணிக்கையோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்: வாசல் கற்றாழை யார் வீட்டுக் கன்று? பதிலைக் குறித்துக்கொண்டே போனால் எந்தக் குப்பத்துப் பெண் எந்தக் குப்பத்துக்கு வாழவந்தாள், அவளுடைய தாய்வீடு எங்கே இருந்தது என்று ஒரு வரைபடம் கிடைக்கும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத உறவுகள் அதில் இருக்கும். சொல்லக்கூடிய கிழவிகள் இருக்கும்போதே இதைக் கேட்டு எழுதியாக வேண்டும்.