லோஜிங் பிறந்த கதை

அரசு ஊழியர் ஒருவர் வேலையாக வெளியூர் போகிறார். வேலை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது, தங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஓர் இரவுச் செலவு யார் தலையில் விழ வேண்டும்? அனுப்பியவர் தலையிலா, போன இடத்தில் இருப்பவர் தலையிலா? நம் பள்ளி ஆசிரியர்களும் மாவட்ட அலுவலக ஊழியர்களும் மாதந்தோறும் எழுதிக் கொடுக்கும் கிளைம் பாரத்துக்குள் இருப்பது இந்தப் பழைய வழக்குதான்.

இரண்டு பதில்களுமே பழையவை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'எச்சோறு' என்றொரு கடமை வருகிறது. ஊருக்கு வரும் அரசு அலுவலருக்கு ஊரார் சோறு போட வேண்டிய கடமை அது என்று கல்வெட்டு அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். வரி தண்ட வந்தவருக்கு வரி கொடுப்பவரே இலை போட வேண்டும். அர்த்தசாஸ்திரம் வேறு வழி காட்டுகிறது. நடுத்தரத் தூதருக்கு யோசனை தூரத்துக்குப் பத்துப் பணம், பத்து யோசனைக்கு மேல் நூறு வரை போனால் இரட்டிப்பு என்று அரசனின் கஜானாவிலிருந்தே கூலி நிர்ணயிக்கிறது. ஊரார் போடும் சோற்றிலிருந்து கஜானா கொடுக்கும் காசுக்கு வந்து சேர்ந்ததுதான் லோஜிங் என்ற தங்கும் படியின் வரலாறு. மலாக்காவை வைத்தே அதைச் சொல்லிவிடலாம்.

1824 ஒப்பந்தப்படி டச்சுக்காரர்களிடமிருந்து மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1826-ல் பினாங்கு, சிங்கப்பூருடன் சேர்ந்து நீரிணைக் குடியேற்றமானது. 1867 வரை அதை ஆண்டது இந்தியாவிலிருந்த நிர்வாகம். ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு வழக்கமும் கூடவே கப்பலேறி வந்தது. அதில் ஒன்று பட்டா எனப்பட்ட படி: பாளையத்தை விட்டு வெளியே பணிக்குப் போகும் படையாளுக்குச் சம்பளத்துக்கு மேல் கொடுத்த தொகை. அதில் கை வைத்தால் என்ன ஆகும் என்று கம்பெனி 1766-லேயே பார்த்துவிட்டது. வங்காள கவர்னர் கிளைவ் இரட்டைப் படியை வெட்டியபோது வங்காளப் படையின் வெள்ளை அதிகாரிகளே கூட்டாக வேலையை உதறக் கிளம்பினார்கள். 1831, 1832-ல் நானிங்கில் அதன் தலைவர் டோல் சாயிட்டை எதிர்த்துப் போரிட அலோர் காஜா பக்கத்துக் காட்டுக்குள் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதி சென்னை ராஜதானிச் சிப்பாய்கள். அரசு வேலையாக மலாக்காவின் உட்பகுதியில் இரவு தங்கிய நம்மவர்களில் முந்தியவர்கள் வரிசையில் அவர்களும் உண்டு. கூடாரமே அவர்களுக்குக் கூரை.

போர் முடிந்தது. ஆனால் அதிகாரிகளின் பயணம் நிற்கவில்லை, தங்க இடமும் வந்துவிடவில்லை. 1879-ல் மலாக்கா வந்த பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட் தங்கவைக்கப்பட்டது டச்சுக்காரர் கட்டிய ஸ்டாட்ஹைஸ் என்ற அரசுக் கட்டடத்தில். பட்டணத்திலேயே இப்படியென்றால் ஜாசினுக்கும் அலோர் காஜாவுக்கும் போனவர் பாடு என்ன? காசு கொடுத்தாலும் படுக்க இடமில்லாத ஊரில் படி மட்டும் கொடுத்துப் பயனில்லை. அரசாங்கமே வீட்டைக் கட்டியது. இந்தியாவில் டாக் பங்களா என்று பெயர் வாங்கிய அந்த ஏற்பாடு மலாயாவில் ரெஸ்ட் ஹவுஸ் ஆனது. மாவட்டத் தலைநகரில், மேட்டு நிலத்தில், அகலமான தாழ்வாரம் வைத்த பங்களா. பெரும்பாலும் ஹைனான் சீனர் ஒருவர் சமையலும் பொறுப்பும் பார்ப்பார். பொதுமக்களும் காசு கொடுத்துத் தங்கலாம். ஆனால் கடமையில் வரும் அரசு அதிகாரிக்கே முதலிடம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் 'ரூமா ரேஹாட்' என்ற பெயர் பிற்காலம் வரை புழங்கியது.

அடுத்த திருப்பம் ரப்பரால் வந்தது. 1896-ல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக ரீதியில் போட்ட முதல் ரப்பர் அதுவே. பிறகு புக்கிட் அசஹான் தோட்டம். பால்மரம் வெட்டத் தமிழர்கள் கங்காணி மூலம் வந்து இறங்கினார்கள். 1905-ல் தம்பினிலிருந்து மலாக்கா வரை ரயில் ஓடியது. தோட்டம் பெருகப் பெருக, அதைப் பார்வையிடும் அதிகாரிகளும் பெருகினார்கள்: தொழிலாளர் இலாகாவினர், சுகாதார இலாகாவினர், தமிழ்ப்பள்ளியைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர். இந்தியாவின் 1922 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் இந்திய அரசின் ஏஜெண்டும் சேர்ந்துகொண்டார்.

இங்கேதான் கதையின் கரு இருக்கிறது. தோட்டத்தில் நல்ல படுக்கை இருந்த இடம் ஒன்றே ஒன்று, அது பெரிய துரையின் பங்களா. லயத்தில் கூரை ஒழுகுகிறதா, கூலி சரியாகக் கொடுக்கிறார்களா, குழந்தைகளுக்குப் பள்ளி நடக்கிறதா என்று விசாரிக்க வருகிற அதிகாரி, முந்தைய இரவு அந்தப் பங்களாவில் சாப்பிட்டுத் தூங்கினால் என்ன ஆகும்? மறுநாள் விடியலில் பெரட்டுக்கு நிற்கும் தொழிலாளி, துரையோடு சேர்ந்து படியிறங்கி வரும் அதிகாரியைப் பார்ப்பார். "உனக்கு என்ன குறை?" என்று அவர் கேட்டால், "ஒன்றுமில்லீங்க ஐயா" என்பதுதான் பதிலாக இருக்கும். அதிகாரி நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் எங்கே தூங்கினார் என்பது ஊருக்குத் தெரிந்த பிறகு அந்த நேர்மையால் யாருக்கு என்ன பலன்?

அரசாங்கம் படியும் பங்களாவும் கொடுத்தது அதிகாரியின் வசதிக்காகத்தான். தொழிலாளியை நினைத்துக் கொடுத்ததாகச் சொன்னால் அது மிகை. ஆனாலும் விளைந்த நன்மை அதைவிடப் பெரியது. பத்து மைல் தள்ளி ரெஸ்ட் ஹவுஸில் தன் இலாகாவின் செலவில் தூங்கியவர், துரையிடம் நன்றிக்கடன் இல்லாமல் தோட்டத்துக்குள் நுழைய முடிந்தது.

சுதந்திரத்துக்குப் பின் சாலைகள் வந்தன, ஊருக்கு ஊர் ஓட்டல் வந்தது. வீடு கட்டிக் கொடுத்த அரசாங்கம் ரசீதுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 1974-ன் பொது ஆணைகளில் 'பி' அத்தியாயம் படிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2003-ன் மூன்றாம் எண் கருவூலச் சுற்றறிக்கை விகிதங்களையும் நிபந்தனைகளையும் ஒரே இடத்தில் தொகுத்தது. இன்று அதன் வழித்தோன்றல் டபிள்யூ.பி. 1.4 என்ற கருவூலச் சுற்றறிக்கை. மாநில அரசுகள் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அவற்றின் ஊழியருக்கும் இது பொருந்தும். பயிற்சி வகுப்புக்குப் போவதற்கு விதி தனி.

விதி வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். பத்தாங் மலாக்காவில் வேலை பார்க்கும் ஓர் அரசு ஊழியர் கூட்டத்துக்காகக் கோலாலம்பூர் போகிறார். அலுவலகத்திலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் தகுதி உண்டு. திங்கள் காலை 6 மணிக்குக் கிளம்பி, செவ்வாய் மாலை 6 மணிக்குத் திரும்புகிறார். மொத்தம் 36 மணி நேரம். முதல் 24 மணிக்கு ஒரு முழு உணவுப் படி. மீதி 12 மணி, எட்டு மணியைத் தாண்டிவிட்டதால், அதற்குத் தினப்படி. அது உணவுப் படியில் பாதி. கூட்டம் நடத்தியவர்களே சாப்பாடு போட்டிருந்தால் காலைச் சாப்பாட்டுக்கு 20, மதியத்துக்கு 40, இரவுக்கு 40 சதவீதம் என்று படியில் கழித்துவிடுவார்கள். திங்கள் இரவு ஓட்டலில் தங்கியிருந்தால் ரசீதைக் காட்டி, தன் கிரேடுக்கு உரிய உச்சவரம்புக்குள் வாடகையைக் கேட்கலாம். செந்தூலில் இருக்கும் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தால்? அதற்குத்தான் லோஜிங். ஓட்டல் வாடகையைவிடக் குறைவான ஒரு நிலையான தொகை. சித்தப்பாவிடம் ரசீது கேட்க வேண்டியதில்லை. அரசாங்கமே தங்க இடம் கொடுத்துவிட்டால் இரண்டும் கிடையாது.

இந்த விதியில் எனக்குப் பிடித்த பகுதி லோஜிங்தான். உறவுக்காரர் வீட்டுச் சோறும் பாயும் சும்மா வருவதில்லை, அதற்கும் ஒரு வீட்டில் செலவாகிறது என்பதை அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது. ஊழியரின் சொல்லையும் நம்புகிறது. பிடிக்காத பகுதி கிரேடுக்கு ஏற்ற வரம்பு. ஒரே கூட்டத்துக்குப் போகும் அதிகாரியும் ஓட்டுநரும் ஒரே ஊரில்தான் அறை தேடுகிறார்கள். ஓட்டல்காரர் கிரேடு பார்த்து வாடகை சொல்வதில்லை. படுக்கையில் பதவி பார்ப்பது ரெஸ்ட் ஹவுஸ் காலத்து மிச்சம்.

நம்பிக்கையைக் காக்க வேலியும் உண்டு. அரசு ஊழியர் பெறும் பரிசுக்கும் விருந்து உபசாரத்துக்கும் 1993-ன் நடத்தை, கட்டொழுங்கு விதிகள் எல்லை கட்டுகின்றன. தங்காத இரவுக்குத் தங்கியதாகப் பொய் ஆவணம் கொடுத்தால் 2009-ன் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு பாயும். அதற்கு 20 ஆண்டு வரை சிறைத் தண்டனை. அபராதமும் உண்டு: பொய்க் கணக்கின் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இதில் எது அதிகமோ அதற்குக் குறையாமல். இருநூறு வெள்ளி அறை வாடகைக்காக ஆயர் கெரோ செஷன்ஸ் நீதிமன்றப் படியேறுவது எந்தக் கணக்கிலும் கட்டாது.

அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மறு மாதம் 10-ஆம் தேதிக்குள் கிளைமை அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு உரியதை வெட்கப்படாமல் கேளுங்கள், ஒரு ரிங்கிட்டையும் கூட்டி எழுதாதீர்கள். குத்தகைக்காரரோ நிர்வாகமோ, "எதற்குச் செலவு, நம்ம ரூமிலேயே தங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள். அரசாங்கம் கொடுக்கும் பணத்தால்தான், நீங்கள் பார்வையிடப் போகிறவரின் செலவில் தூங்காமல் இருக்க முடிகிறது.